கொடைக்கானல் தூரம், கண்மாய் பக்கம்

மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் மதுரைப் பக்கம் உடனே வருகிற பதில், "ரெண்டு நாள் எங்கயாச்சும் போயிட்டு வா." எங்கயாச்சும் என்றால் கொடைக்கானல். இல்லாவிட்டால் மூணாறு, சீசன் நேரம் என்றால் குற்றாலம். அக்கறையோடு சொல்கிற யோசனைதான். ஆனால் பதற்றம் நம் லீவு நாளைப் பார்த்து வருவதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருக்கும்போது வரும். வருடத்துக்கு ஒரு தடவை போகிற மலை அதற்கு எப்படிப் போதும்? மரமும் தண்ணீரும் வெட்டவெளியும் மனசுக்கு நல்லது என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அந்த நல்லது நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும், நினைத்த நாளில் போக முடிய வேண்டும், காசு கேட்கக் கூடாது. மதுரையைச் சுற்றி அப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை நாம் அப்படிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

எனக்கு இந்தப் பதற்றம் வந்தது அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில். ராத்திரி அவர் லேசாக இருமினாலே எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். அவர் போன பிறகும் அந்தப் படபடப்பு போகவில்லை. போன் அடித்தால் கெட்ட சேதி. ஆபீசில் மேனேஜர் கூப்பிட்டால் கணக்கில் ஏதோ தப்பு. பிள்ளை ஸ்கூலிலிருந்து வர பத்து நிமிஷம் பிந்தினால் உள்ளங்கை வேர்த்து, வயிற்றைப் பிரட்டி, உட்கார இடம் தேடுவேன். ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், எல்லாம் நார்மல். அம்மா பாண்டி கோயிலுக்குப் போய்க் கயிறு வாங்கி வந்து கட்டிவிட்டாள். கடைசியில் எங்கள் குடும்ப டாக்டர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் மாத்திரை எழுதினார், பேசவும் நேரம் கொடுத்தார். மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "காலையில வெளிய போங்கம்மா. வேகமா நடக்கணும்னு இல்ல. மரம், தண்ணி இருக்குற எடமா பாத்து அரை மணி நேரம் சும்மா இருங்க. போனை வீட்லயே வச்சிட்டுப் போங்க."

திருப்பரங்குன்றம் பக்கம் எங்கள் வீடு. தெரு முடிந்து, ஒரு செங்கல் காளவாசல் இருந்த பொட்டலைத் தாண்டினால் கண்மாய்க்கரை. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் அங்கே போய் இருந்தது கிடையாது. குப்பை கொட்டுகிற இடம், ஆம்பளைகள் ஒதுங்குகிற இடம், ராத்திரி பக்கத்தில் போகக் கூடாத இடம் என்றுதான் மனசில் பதிந்திருந்தது. காலை ஆறு மணிக்கு அது வேறு இடம்.

கரையில் இரண்டு பக்கமும் பனை. உள்வாயில் நாட்டுக்கருவேலம், பாதித் தண்டு தண்ணீருக்குள் நிற்கும். ஓரம் முழுக்க எருக்கும் ஆவாரையும். மடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வேம்பு, அதன் அடியில் உட்காரத் தோதாக உடைந்த கல்தூண் ஒன்று கிடக்கிறது. முதலில் சில நாட்கள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைக்குள் அதே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது: இன்றைக்கு என்ன நடக்கும், அது நடந்தால் என்ன செய்வது, அதற்கப்புறம் என்ன. பிறகு ஒரு நாள் காலை தவிட்டுக்குருவிகள் வந்தன.

ஏழெட்டு இருக்கும். ஒன்று மட்டும் வேப்பங்கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டது, மற்றவை கீழே சருகைப் புரட்ட ஆரம்பித்தன. புரட்டுவது என்றால் அலகால் இலையைப் பிடித்துப் பக்கத்தில் எறிவது. எறிந்துவிட்டுத் தலையைச் சாய்த்து அந்த இடத்தைப் பார்க்கும், ஒன்றும் இல்லையென்றால் அடுத்த இலை. ஒன்றுக்குப் புழு கிடைத்தது, பக்கத்தில் இருந்தது வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது. பருவம் எட்டாத குஞ்சு போல, உடம்பு பெரிதாக இருந்தாலும் இறக்கையை நடுக்கிக்கொண்டு கேட்கிறது. கொடுத்தது. மேலே இருந்தது திடீரென்று கீச்சென்று கத்த, எல்லாமே ஒரே தாவலில் புதருக்குள். தலைக்கு மேல் வல்லூறு ஒன்று போனது. கொஞ்ச நேரம் மூச்சுப் பேச்சில்லை. பிறகு ஒன்று வெளியே வந்தது, இன்னொன்று வந்தது, மறுபடியும் சருகு. பயம் வந்தது, ஒளிந்தன, ஆபத்து போனது, வேலையைப் பார்க்கின்றன. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் கவனித்தேன், அவ்வளவு நேரமும் தலைக்குள் ரேடியோ ஓடவே இல்லை.

அந்தக் கரையில் ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருத்தி உண்டு. முதல் வாரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இங்கன நிக்காத தாயி, அந்தப் புத்துப் பக்கம் பூச்சி பொட்டு கெடக்கும்" என்றுதான் முதல் பேச்சு. அப்புறம் ஒரு நாள் கேட்டாள், "ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்புக்கு இல்ல ஆத்தா. மனசுக்கு."

"சரி, உக்காரு." அதோடு விட்டுவிட்டாள். ஏன், எதற்கு, யாரு என்ன சொன்னா என்று ஒரு கேள்வி இல்லை. எனக்கு அந்த மாதத்தில் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். ஒவ்வொரு ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கலுங்கில் தண்ணீர் எவ்வளவு போகிறது, எந்தப் பக்கம் சேறு, பாம்புத்தாரா எந்தக் கருவேலத்தில் கூடு கட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும். முக்குளிப்பான் எது, நாமக்கோழி எது என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததும் அவள்தான். அவள் வைத்திருக்கிற பேர்கள் பறவைப் புத்தகத்தில் இல்லாத பேர்கள்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும்தானா என்ற கேள்வி எனக்கே இருந்தது. கணக்கு பார்த்துப் பிழைக்கிறவள், அதனால் தேடிப் படித்தேன். என் தலைக்குள் ஓடிய அந்த ரேடியோவை நேராகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அது. 38 பேர். பாதிப் பேரை 90 நிமிடம் ஒரு புல்வெளி வழியாக நடக்கவிட்டார்கள், மீதிப் பேரை வண்டிகள் இரைகிற பெரிய சாலை ஓரமாக. போவதற்கு முன்னும் வந்த பின்னும், தன்னைப் பற்றிய கசப்பான நினைப்பையே திரும்பத் திரும்ப அசைபோடுவது எவ்வளவு என்று கேட்டு, மூளையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். புல்வெளியில் நடந்தவர்களுக்கு அந்த அசைபோடல் குறைந்திருந்தது. அசைபோடும்போது வேலை செய்கிற, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் அடங்கியிருந்தது. சாலையில் நடந்தவர்களுக்கு இரண்டும் மாறவில்லை. அந்த இடம் அடர்ந்த காடு இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அங்கங்கே ஓக் மரமும் புதரும் நிற்கிற காய்ந்த புல்தரை. நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2022-இல் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். 63 பேர், ஒரு மணி நேர நடை, ஒரு குழு பெர்லினின் காட்டுக்குள், ஒரு குழு கடைத்தெருவில். ஆபத்து என்று அலாரம் அடிக்கிற அமிக்டலா என்ற பகுதி, காட்டில் நடந்து வந்தவர்களுக்குத் தணிந்திருந்தது. கடைத்தெருவில் நடந்தவர்களுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதற்றக்காரர்களுக்கு இந்த அலாரம்தான் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நடுவில் நடக்கும்போது, ஒவ்வொரு ஹாரனையும் கவனித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அடிபடுவோம். அந்தக் கவனம் களைப்பைத் தரும். தண்ணீரில் அலை போவதையோ குருவி சருகு புரட்டுவதையோ பார்ப்பதும் கவனம்தான், ஆனால் அதில் கட்டாயம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல், ஸ்டீஃபன் காப்லான் தம்பதியர் 1980-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: கட்டாயமாகச் செலுத்துகிற கவனம் ஓய்வெடுப்பது, தானாக லயிக்கிற கவனத்தின்போதுதான்.

பறவைகள் பற்றியும் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2022-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 1,300 பேரிடம் செல்போன் செயலி வழியாக ஒரு நாளில் பல முறை கேட்டார்கள்: இப்போது பறவையைப் பார்த்தீர்களா, சத்தம் கேட்டீர்களா, மனநிலை எப்படி? பார்த்த, கேட்ட நேரங்களில் மனநிலை மேலே இருந்தது. அந்த நல்ல மாற்றம் எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே.

டாக்டர் அரை மணி நேரம் என்றார் அல்லவா, அதற்கும் அடிப்படை இருக்கிறது. மிச்சிகனில் மேரிகரோல் ஹண்டர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு: நகரத்தில் வாழும் 36 பேர், எட்டு வாரம், வாரத்துக்குக் குறைந்தது மூன்று தடவை, தங்களுக்குப் பிடித்த பசுமையான இடத்தில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல். போன் கிடையாது, படிப்பது கிடையாது, பேச்சு கிடையாது, ஓடக் கூடாது. எச்சிலில் உள்ள கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 20 முதல் 30 நிமிடத்தில்தான் அது மிக வேகமாக இறங்கியது. அதே வருடம் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், வாரத்துக்கு மொத்தம் குறைந்தது 120 நிமிடம் இயற்கையான இடங்களில் செலவிட்டவர்கள் நல்ல ஆரோக்கியமும் மனநிறைவும் இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, பிரித்துப் பிரித்தா என்பதில் வித்தியாசம் இல்லை. நாளுக்குப் பதினேழு, பதினெட்டு நிமிஷம்தான் வருகிறது. கணக்கெடுப்பு என்பதால் எது காரணம் எது விளைவு என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. நன்றாக இருக்கிறவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இருக்கலாம். ஸ்கேன் ஆய்வுகளோ சின்ன எண்ணிக்கை. ஆனால் வேறு வேறு ஊர், வேறு வேறு முறை, எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. அதுவும் என் உடம்பு எனக்குச் சொன்ன திசை.

ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் காந்தி மியூசியத்திலும் காலையில் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். சர்க்கரைக்கு, பிரஷருக்கு, எடைக்கு. நல்லது, நடக்கட்டும். நான் சொல்வது அந்த நடை இல்லை. காதில் இயர்போன் மாட்டி, கையில் ஸ்டெப் எண்ணிக்கொண்டு, பிள்ளையின் நீட் மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தால் கால்தான் மைதானத்தில் இருக்கும். பதற்றக்காரருக்குக் கொஞ்சம் சும்மா இருக்கிற நேரம் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வெல்லாம் நடந்தது நம் ஊர் வெயில் இல்லாத இடங்களில். சித்திரை, வைகாசியில் மதுரையில் காலை எட்டரைக்கே தோல் எரிகிறது. வெயிலில் நிற்பது பதற்றத்தைக் கூட்டும். நாக்கு வறண்டு, நெஞ்சு வேகமாக அடித்தால், அது வெயிலா பதற்றமா என்று தெரியாமல் இன்னும் பயம் வரும். ஆறிலிருந்து ஏழரை, இல்லையென்றால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். தண்ணீர் கையோடு வேண்டும். தெருநாய்க்குப் பயப்படுகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள், பயத்தைப் போக்கப் போய் இன்னொரு பயத்தை வாங்கி வர வேண்டாம்.

பொம்பளைகளுக்கு நாயை விடப் பெரிய தடை ஒன்று உண்டு. காலை ஆறு மணி என்பது வாசல் தெளிக்கிற, பால் காய்ச்சுகிற, டிபன் கட்டுகிற நேரம். "வீட்ல வேலை கெடக்கு, இவ கண்மாய்க்கரையில போயி உக்காந்திருக்கா" என்ற பேச்சு எனக்கும் வந்தது. எதிர்வீட்டு மதினிக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் கிடையாது, அவளைக் கூப்பிட்டால், "நான் ஒரு அரை மணி நேரம் சும்மா இருந்தா வீட்ல என்ன சொல்வாக?" என்றாள். டாக்டர் எழுதிக்கொடுத்தது என்று நான் சொன்னபோதுதான் என் வீட்டில் அடங்கினார்கள். அதனால் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெறுமனே வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதிக்கொடுங்கள். மாத்திரைக்குக் கிடைக்கிற மரியாதை அந்த அரை மணி நேரத்துக்கும் கிடைக்கும். என் கணவர் இப்போது காலை டிபனைப் பார்த்துக்கொள்கிறார்.

எழுந்து வெளியே போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். ரோஜர் உல்ரிக் என்பவர் 1984-இல் எழுதிய ஆய்வை அப்பா இருக்கும்போதே படித்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்த 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலிக்குக் கடுமையான மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். படுக்கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கண்மாய் இல்லாதவர்களுக்கு மதுரையில் வேறு இடங்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது கீழக்குயில்குடி சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், விழுது விட்ட ஆலமரங்கள். படி ஏறினால் பேச்சிப்பள்ளம், சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக, கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற அந்த உருவங்களுக்கு எதிரில் பாறையில் உட்கார்ந்தால், நாளைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்ற பயம் சுருங்குகிறது. பாறைச் சூடு ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். அழகர்மலையில் நூபுரகங்கைக்குப் போகிற பாதையில் நிழல் தாராளம், குரங்குத் தொல்லையும் தாராளம். நகரத்துக்குள் என்றால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். வறண்டு கிடந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளம் அது. வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக உள்ளே வர ஆரம்பித்த பிறகு சாயங்காலம் அந்தக் கல் சுவரில் ஊரே வந்து உட்காருகிறது. கூட்டமும் பஜ்ஜிக்கடையும் உண்டு, ஆனால் அந்த அகலத் தண்ணீர் மேல் வருகிற காற்றுக்கு நான் இன்னமும் போகிறேன். வைகை என் கணக்கில் வரவில்லை. வருடத்தின் பெரும்பகுதி மணலும் சாக்கடையுமாகக் கிடக்கிற ஆற்றின் ஓரம் உட்கார்ந்தால் மனசு கனக்கிறது.

கொடைக்கானலுக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் போய் வந்தோம். மலைப்பாதையில் டிராஃபிக், ரூம் வாடகை, பிள்ளைக்கு வாந்தி, திரும்பி வந்தால் துணி மூட்டை. ஏரி அழகுதான். ஆனால் அந்த ஏரி என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நானும் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் கண்மாயில் தண்ணீர் இறங்கினால் எனக்குத் தெரியும். ஐப்பசியில் ஏறினால் தெரியும். நேற்று மூன்று குஞ்சோடு போன தாழைக்கோழி இன்றைக்கும் மூன்றோடுதான் போகிறதா என்று பார்க்கப் போகிறேன். பதற்றம் எப்போதும் இன்னும் வராத நாளைப் பற்றியே பேசும். இந்தப் பழக்கம் இன்றைக்கு எதையாவது பார்க்க வைக்கிறது.

அதனால்தான் அரிட்டாபட்டிக்காரர்கள் எதற்காக அப்படி நின்றார்கள் என்று எனக்குப் புரிகிறது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள். 2024 கடைசியில் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதில் அதன் ஒரு பகுதியும் அடங்கியிருந்தது. ஊர் ஊராகத் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. விவசாயம், கோயில், தண்ணீர் என்றுதான் அவர்கள் பேசினார்கள், அது போதும். ஆனால் அந்தப் பாறையைப் பார்த்தே தினமும் கண் விழிக்கிறவர்களின் மனநலமும் அதில் இருந்தது என்று நான் நம்புகிறேன். ஒரு கண்மாயைப் பிளாட் போட்டால் நிலத்தடி நீர் போகும் என்று கணக்குச் சொல்கிறோம். பக்கத்துத் தெருவில் பத்துப் பேருக்குத் தூக்கம் போகும் என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

மாத்திரையை நிறுத்திவிட்டுக் கண்மாய்க்குப் போங்கள் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது. அந்த எட்டுப் பேருக்கு முதலில் தேவை மருத்துவர். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாத சோர்வில் இருப்பவரிடம் "வெளிய போயி காத்து வாங்கு" என்பது கொடுமை. செத்துப்போகலாமா என்ற நினைப்பு வந்தால் கரைக்குப் போகாதீர்கள், தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ், அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். எனக்கு மாத்திரை தரையைக் கொடுத்தது, பேச்சு வழியைக் காட்டியது, கண்மாய்க்கரை நடக்க வைத்தது. இப்போது மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்.

எதிர்வீட்டு மதினி போன ஆடியிலிருந்து வருகிறாள். அவள் வந்த பிறகு பின்தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர். துணைக்கு ஆள் இருந்தால் வீட்டில் விடுகிறார்கள், நாயும் ஒதுங்கிப் போகிறது. மடையைத் தாண்டும் வரை பேசலாம், அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. திருப்பரங்குன்றம், பசுமலைப் பக்கம் இருந்து, தனியாகப் போகத் தயங்குகிற பெண்கள் யாராவது இருந்தால் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். மழைக்காலத்தில் கரை வழுக்கும், பிடிமானம் உள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.